ஆயிரம் ரன்னும் ஆறு மா பருத்தியும்

டிஸ்கி: மொக்கைப் பதிவு இல்லை. நடுவுல கொஞ்சம் கணக்கு வரும். கணக்குன்னா அலர்ஜி உள்ளவங்க பருத்தி வர்ற இடத்தை மட்டும் படிச்சுட்டுப் போகலாம்.

இதை 2025 ஆடி மாசமே எழுதியிருக்கணும். வெக்கமா இருந்ததால தள்ளிப்போட்டுட்டே வந்தேன். பொட்டி தட்டற தொழில்ல இருக்கறவனுக்கு ஊர்ல ஒரு மரியாதை இருக்கு பாருங்க, அதை நானே கெடுத்துக்கிட்ட கதை இது.

எங்க ஊர் அம்மாபேட்டை பக்கம். பெரியப்பாவுக்குப் போர் கிடையாது, முழுக்க ஆத்துப் பாசனம். போர் வச்சிருக்கறவங்க மேட்டூர் திறந்தாலும் திறக்காட்டியும் குறுவை போட்டுடுவாங்க. பெரியப்பா மாதிரி ஆளுங்களுக்கு வருஷம் முழுக்க ஒரே கேள்விதான்: மேட்டூர் எப்ப திறப்பாங்க? ஜூன் 12-ன்னா குறுவை உண்டு, அது அறுத்ததும் தாளடி. ஆகஸ்ட், செப்டம்பர்னு இழுத்தா குறுவையை மறந்துட்டு நேரா சம்பா. ஒரு போகமா ரெண்டு போகமாங்கறது அந்தத் தேதியில இருக்கு.

2024 மே மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப பெரியப்பா கேட்டார், "நீதான் கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்றியே தம்பி, இதைக் கண்டுபிடிக்க முடியாதா?" கேட்டா சும்மா இருப்போமா? திண்ணையில உக்காந்தே லேப்டாப்பைத் திறந்தேன். 2012-லேருந்து 2023 வரைக்கும் மேட்டூர் திறந்த தேதிகளை அடிச்சேன். டெல்டாக்காரங்களுக்கு இது மனப்பாடம், மத்தவங்களுக்காகச் சொல்றேன். 2012 செப்டம்பர் 17, 2013 ஆகஸ்ட் 2, 2014 ஆகஸ்ட் 15, 2015 ஆகஸ்ட் 9, 2016 செப்டம்பர் 20, 2017 அக்டோபர் 2, 2018 ஜூலை 19, 2019 ஆகஸ்ட் 13. அப்புறம் 2020, 2021 ரெண்டு வருஷமும் ஜூன் 12. 2022-ல மே 24-லயே திறந்துட்டாங்க. 2023 மறுபடி ஜூன் 12.

ஜூன் 12-லேருந்து எத்தனை நாள் தள்ளின்னு கணக்குப் போட்டா சராசரி சுமார் 47 நாள். திட்ட விலக்கம் 44 நாள். இந்த ரெண்டு எண்ணையும் ஒரு நார்மல் டிஸ்ட்ரிபியூஷன்ல போட்டு ஆயிரம் ரன் ஓட்டினேன். நாப்பது வரி பைத்தான். கலர் கலரா கிராஃப் வந்துச்சு. விடை: ஜூலை 29, கூடக்குறைய 3 நாள்.

ஜூலை நடு வரைக்கும் அணையைப் பார்த்தவங்க யாரும் நம்பலை. ஜூன்ல மட்டம் ஐம்பது அடிக்கும் கீழ கிடந்தது. அப்புறம் குடகுப் பக்கம் கொட்டித் தீர்த்துச்சு, கர்நாடக அணைகள் நிரம்பி வழிஞ்சு தண்ணி இங்க ஓடி வந்துச்சு. 2024 ஜூலை 28 மேட்டூர் திறந்தாங்க. என் சிமுலேஷன் சொன்னதுக்கு ஒரே ஒரு நாள் முன்னாடி!

டீக்கடையில எனக்குக் காசு வாங்கலைங்க. அதுக்கு மேல என்ன சொல்றது.

2025 பிப்ரவரியில பெரியப்பாவே போன் பண்ணார், "இந்த வருஷமும் ஓட்டிப் பாரேன் தம்பி." 2024-ஐயும் சேர்த்து ஓட்டினேன். மறுபடியும் ஜூலை 29. எனக்கு இன்னும் தலைக்கனம்... ஒரு வருஷம் கூடச் சேர்த்தும் விடை அசையலை பாருங்க, மாடல் எவ்வளவு ஸ்டெடி! (சராசரிக்கு ஒட்டின ஒரு எண்ணைச் சேர்த்தா சராசரி அசையாதுங்கறது ஏழாங்கிளாஸ் பையனுக்குத் தெரியும். எனக்கு அன்னைக்குத் தெரியலை.)

பெரியப்பா கொஞ்சம் தயங்கினார். "மார்கழியில அணை ரொம்பி நின்னுதேடா?" நெஜந்தான், 2024 டிசம்பர் 31-ல மட்டம் 120 அடி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போன வருஷம் சரியா சொன்னேன்ல பெரியப்பா?"

ஜூலை கடைசி வரைக்கும் நிலம் சும்மாதானே கிடக்கப்போவுதுன்னு ஆறு மாவுல (மூணு மா ஒரு ஏக்கர், வெளியூர் மக்களுக்காக) கோடைப் பருத்தி போட்டார். 2025-ல மேட்டூர் டாண்ணு ஜூன் 12-க்குத் திறந்துட்டாங்க, மட்டம் 110 அடிக்கு மேல. சுத்தி இருக்கற வயலெல்லாம் குறுவைக்குத் தண்ணி கட்டி சேறடிக்கறாங்க. நடுவுல காய் பிடிச்ச பருத்தி. நாலு பக்கமும் கசிவு. பருத்திக்குக் கால் நனைஞ்சா ஆகாது. சப்பையும் பிஞ்சும் உதிர ஆரம்பிச்சுது. பருத்தியும் சரியா வரலை, குறுவையும் போடலை. பெரியப்பா என்னைத் திட்டலை. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு.

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன். நான் பண்ண தப்பு கோடிங் தப்பு இல்லை. அந்த நாப்பது வரியில பக் கிடையாது. சிமுலேஷன் கொடுத்ததைப் புள்ளியியல் படி எப்படிப் படிக்கணும்ங்கறதுலதான் தப்பு. ஒண்ணொண்ணா சொல்றேன், அடிக்க வராதீங்க.

அந்த "கூடக்குறைய 3 நாள்" எங்கேருந்து வந்துச்சு? 44-ஐ ஆயிரத்தோட வர்க்கமூலத்தால வகுத்து ரெண்டால பெருக்கினது. ஆயிரத்தைப் பத்தாயிரம் ஆக்கியிருந்தா கூடக்குறைய ஒரு நாள்னு அடிச்சிருக்கும். லட்சம் ரன் ஓட்டினா மணிக்கணக்குல சொல்லும்! காவிரியைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது என்னவோ பன்னெண்டே எண்கள். அந்தப் பன்னெண்டை வச்சு சராசரிக்கே நியாயமா வரம்பு போட்டா, கூடக்குறைய நாலு வாரம் வரும். அதுவும் சராசரிக்குத்தான். ஒரு தனி வருஷத்துக்குன்னா மே மாசத்துலேருந்து அக்டோபர் வரைக்கும் எல்லாமே உள்ள அடங்கும். ரன் எண்ணிக்கையை ஏத்தினப்ப நான் துல்லியமா அளந்தது என் அனுமானத்தை, ஆத்தை இல்லை.

இன்னொரு கூத்து. அந்த ஆயிரம் ரன்னையும் ஒவ்வொண்ணா பார்த்திருந்தா, அதுல இருபது தடவைக்கு மேல மேட்டூர் ஏப்ரல்லயோ அதுக்கு முன்னாடியோ திறந்திருக்கும். கத்திரிக்கு முன்னாடி! யாராவது அப்படித் திறந்து பார்த்திருக்கீங்களா? நான்தான் சராசரியை மட்டும் பார்த்துட்டு லேப்டாப்பை மூடிட்டேனே. அந்தச் சராசரியான ஜூலை 29-க்கு ஒரு வாரம் முன்னபின்ன அணை திறந்தது பன்னெண்டு வருஷத்துல 2013 மட்டும்தான். ஒண்ணு ஜூன் 12, இல்லைன்னா ஆகஸ்ட், செப்டம்பர். ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல ஆளே இல்லாத இடத்துல போய் நான் பந்தல் போட்டிருக்கேன்.

இதுல நான் தனி ஆள் இல்லைங்கறது ஒரு சின்ன ஆறுதல். நியூசிலாந்து கேன்டர்பரி பல்கலைக்கழகத்துல பாவ்லிகோவ்ஸ்கின்னு ஒருத்தரும் கூட்டாளிகளும் 2002-ல ஒரு கட்டுரை போட்டாங்க. தகவல் தொடர்பு வலையமைப்பு பத்தின 2200-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்தா, சிமுலேஷனை வச்சு முடிவு சொன்னதுல முக்கால்வாசிக்கு அந்த முடிவைப் புள்ளியியல் படி சோதிச்ச சுவடே இல்லையாம். எழுதினவங்க எல்லாம் பெரிய படிப்பு படிச்சவங்க. நான் பி.இ., அதுவும் புராபபிலிட்டி பேப்பரை முந்தின நாள் ராத்திரி படிச்சு பாஸ் பண்ணவன்.

இதுக்கு மருந்தா ஒரு காலத்துல எக்ஸ்பர்ட் சிஸ்டம்னு ஒண்ணு பேசினாங்க. இன்னைக்கு அந்தப் பேரைச் சொன்னா பசங்க சிரிப்பாங்க. ஒரு துறையில பழம் தின்னு கொட்டை போட்டவர்கிட்ட உக்காந்து, அவர் தலையில இருக்கறதை "இப்படி இருந்தா அப்படிச் செய்"னு விதிகளா எழுதி வாங்கறது. 1970-கள்ல ஸ்டான்ஃபோர்டுல மைசின்னு ஒண்ணு பண்ணாங்க, ரத்தத்துல வர்ற தொற்றுக்கு மருந்து சொல்றதுக்கு. அது ஒரு கேள்வி கேட்டா டாக்டர் திருப்பி "ஏன் கேக்கறே?"ன்னு கேக்கலாம், எந்த விதிக்காகக் கேக்குதுன்னு சொல்லும். எனக்கு ரொம்பப் பிடிச்ச அம்சம் இதுதான்.

புள்ளியியலுக்கும் இதே மாதிரி பண்ணாங்க. 1980-களோட ஆரம்பத்துல பெல் லேப்ஸ்ல வில்லியம் கேலும் டேரில் ப்ரெகிபானும் சேர்ந்து ரெக்ஸ்னு ஒண்ணு எழுதினாங்க. நீங்க ஒரு ரிக்ரஷன் போடணும்னு போனா உடனே போட்டுத் தராது. டேட்டா நேர்கோட்டுல இருக்கா, எங்கயாவது ஒரு புள்ளி தனியா துருத்திக்கிட்டு நிக்குதா, அந்த முறை கேக்கற நிபந்தனை எல்லாம் சரியா இருக்கான்னு சோதிச்சு, இல்லைன்னா உங்களைக் கூப்பிட்டுச் சொல்லும். என் நாப்பது வரிக்கு முன்னாடி இப்படி ஒரு ஆள் நின்னிருந்தா ஜூலை 29 வெளியவே வந்திருக்காது.

விவசாயத்துலயும் நடந்திருக்கு, அதுவும் பருத்திக்கே (எரியற வீட்டுல எண்ணெய் ஊத்தற மாதிரி இருக்கு எனக்கு). பருத்திச் செடி வளர்றதை சிமுலேட் பண்ற காஸிம்னு ஒரு புரோகிராம் அமெரிக்காவுல இருந்துச்சு. அதை ஓட்டறதுக்கும், வந்த விடையைப் படிச்சு எப்ப தண்ணி கட்டணும், எவ்வளவு உரம் வைக்கணும்னு சொல்றதுக்கும் கோமாக்ஸ்னு ஒரு எக்ஸ்பர்ட் சிஸ்டம். 1986-ல ஹால் லெம்மன் சயின்ஸ் இதழ்ல எழுதினார். சிமுலேஷன் ஒரு பக்கம், அதுகிட்ட சரியான கேள்வி கேக்கத் தெரிஞ்ச ஒண்ணு இன்னொரு பக்கம். இந்தப் பிரிப்பு நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே தெளிவா இருந்திருக்கு.

அப்புறம் ஏன் இதெல்லாம் காணாமப் போச்சு? என் கருத்து என்னன்னா, கேள்வி கேக்கற மென்பொருளை யாருக்கும் பிடிக்காது. நமக்கு பட்டனைத் தட்டினா எண் வரணும். தவிர, புள்ளியியல் விதி மட்டும் தெரிஞ்ச சிஸ்டத்துக்குத் துறை தெரியாது, துறை தெரிஞ்சவருக்கு விதி எழுத நேரம் கிடையாது. அதனால பிழைச்சது எல்லாம் பாதி வேலை செய்யற கருவிகள்தான். உதாரணத்துக்கு, பாவ்லிகோவ்ஸ்கி குழுவே அகரோவான்னு ஒண்ணு பண்ணாங்க. சிமுலேஷனைப் பல கம்ப்யூட்டர்ல ஒரே நேரத்துல ஓட்டி, நீங்க கேட்ட துல்லியம் வந்ததும் தானா நிறுத்தும். ரொம்ப நல்ல கருவி. ஆனா என் கையில கிடைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? அரை நாள் துல்லியம் வேணும்னு கேட்டிருப்பேன், அதுவும் சமர்த்தா அரை நாள் துல்லியத்தோட ஜூலை 29-னு சொல்லியிருக்கும். விடை வந்தப்புறம் சரிபார்க்கற உதவி ஒண்ணு. ஓட்டறதுக்கு முன்னாடியே கையைப் பிடிக்கற உதவி இன்னொண்ணு. நமக்குப் பஞ்சமா இருக்கறது ரெண்டாவது.

"அட, இப்பதான் ஏஐ இருக்கே"ன்னு பின்னூட்டத்துல வருவீங்க, தெரியும். அதுகிட்ட கேட்டா சிமுலேஷன் கோடை அஞ்சு நிமிஷத்துல எழுதித் தருது, என்னை விட நல்லாவே எழுதுது. அதுதான் எனக்குக் கவலை. முன்னாடி இந்தத் தப்பைப் பண்ணக் கொஞ்சமாவது புரோகிராமிங் தெரிஞ்சிருக்கணும். இப்ப டெல்டாவுல இருக்கற எந்தப் பேரனும் எந்தத் தாத்தாவுக்கும் ஒரு ஜூலை 29 தயார் பண்ணித் தரலாம். எனக்கு வேண்டியது சிடுசிடுப்பான ஒரு வாட்ச்மேன். கேட்ட கேள்விக்குப் பதில் வரலைன்னா கேட்டைத் திறக்கக் கூடாது.

அதனால 2025 தீபாவளி லீவுல பெரியப்பாவோட உக்காந்து விதி எழுத ஆரம்பிச்சேன். (நெல்லுக்கு எக்ஸ்பர்ட் சிஸ்டம் நம்ம கோவை வேளாண் பல்கலைக்கழகம் இணையத்துலயே வச்சிருக்கு. பூச்சி, நோய் எல்லாம் அடையாளம் பார்த்துக் கண்டுபிடிக்க உதவும். நான் சொல்றது வேற வேலை.) இப்போதைக்கு 17 விதி தேறியிருக்கு. எல்லாத்தையும் போட்டா கொட்டாவி விடுவீங்க, ரெண்டு மூணு மட்டும்.

முதல் விதியை பெரியப்பாவே போட்டார். "திறக்கற தேதி மட்டும் தெரிஞ்சு என்னடா பண்றது? 2023-ல ஜூன் 12-க்குத்தான் திறந்தாங்க. மழை ஏமாத்திடுச்சு. அக்டோபர் 10-ந்தேதி மூடிட்டாங்க. கடைமடையில காஞ்சுதா இல்லையா?" சுருக்குன்னு இருந்துச்சு. நான் சிமுலேட் பண்ண எண்ணே தப்பு. குறுவைக்கு நூத்தி சொச்சம் நாள், அத்தனை நாளும் தண்ணி வருமாங்கறதுதான் கேள்வி. அதனால சிஸ்டம் முதல்ல கேக்கறது: "இந்த எண்ணை வச்சு யார் என்ன முடிவு எடுக்கப் போறாங்க?" பதில் அடிக்காம அடுத்ததுக்குப் போக முடியாது.

அடுத்தது ரெக்ஸ் பாணி. உள்ள போடற டேட்டாவுல ஒரே மதிப்பு ரெண்டு தடவைக்கு மேல வந்தா நிறுத்திக் கேக்கும்: "இது இயற்கையா, யாராவது எடுத்த முடிவா?" என் டேட்டாவுல ஜூன் 12 மூணு தடவை இருந்துச்சு, எனக்கு உறைக்கவே இல்லை. இயற்கை அப்படிக் குறி பார்த்து ஒரே தேதியில வராதே. அது அரசு எடுக்கற முடிவு. அணையில போதுமான தண்ணி இருந்தா, வழக்கமா சொல்றது 90 அடி, ஜூன் 12-க்கு திறப்பாங்க, இல்லைன்னா மழைக்குக் காத்திருப்பாங்க. அப்ப நான் சிமுலேட் பண்ண வேண்டியது தேதியை இல்லை, அணையில இருக்கற தண்ணியை. தேதி தானா வந்து விழும்.

மூணாவதுதான் என்னை ரொம்ப மண்டை காய வச்சுது. அணையை சிமுலேட் பண்றப்ப எங்கேருந்து ஆரம்பிக்கறது? பாடப் புத்தகத்துல என்ன இருக்குன்னா, ஆரம்ப நிலையோட பாதிப்பு விடையில இருக்கக் கூடாது, அதனால முதல்ல கொஞ்ச காலம் ஓடவிட்டு அதைத் தூக்கிப் போட்டுட்டு மீதியை எடுத்துக்கோ. நானும் காலி அணையில ஆரம்பிச்சு, முதல் பத்து வருஷத்தைத் தூக்கிப் போட்டேன். புத்தகப்படி கரெக்ட். ஆனா அது "மேட்டூர் பொதுவா எப்படி இருக்கும்"ங்கற கேள்விக்குத்தான் சரி. "இந்த வருஷம் எப்படி"ன்னு கேட்டா ஆரம்ப நிலைதான் பாதி விடையே! மார்கழியில அணை ரொம்பி நின்னுதேன்னு பெரியப்பா கேட்டாரே, அந்தத் தகவலை நான் பயபக்தியோட தூக்கிப் போட்டிருக்கேன். ஆக இப்ப சிஸ்டம் கேக்கும்: "பொதுவான நிலையா, இந்தப் பருவமா?" பருவம்னா இன்னைய மட்டத்தைக் கொடுக்காம ஓடாது.

"ஏன்?"ங்கற பட்டனும் வச்சிருக்கேன், மைசின் மாதிரி. அதுக்கு ஒரு பலன் உடனே கிடைச்சுது. ஒரு விதியோட விளக்கத்தை நான் வாசிச்சுக் காட்டிட்டிருந்தேன், அதுல 60 அடின்னா பாதி அணைன்னு எழுதியிருந்தேன். பெரியப்பா நிறுத்தினார். "அடியில குறுகல்டா தம்பி, மேல போகப் போகத்தான் அகலம்." போய்ப் பார்த்தா, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., 60 அடியில இருக்கறது அதுல கால் பங்கு சொச்சம்தான். விதி தமிழ்ல இருந்ததாலயும் காரணத்தோட இருந்ததாலயும்தான் அவரால தப்பைப் பிடிக்க முடிஞ்சுது. என் பழைய கிராஃப்புல அவர் எதைப் பிடிப்பார்?

இதை வச்சு 2025 பிப்ரவரி நிலைமையைத் திரும்ப ஓட்டினா ஜூலை 29-னு ஒத்தைத் தேதி அடிக்கவே மாட்டேங்குது. ரெண்டு கூட்டமாப் பிரிச்சு, இந்த மட்டத்துக்கு ஜூன் பக்கம்தான் சாய்வு அதிகம்னு சொல்லுது. நடந்து முடிஞ்சதை வச்சு அளக்கறது பெருமையில்லை, தெரியும். அதுக்காகவே பதினேழாவது விதி: போன தடவை சரியா வந்துச்சுங்கறதை ஆதாரமா கொடுத்தா ஏத்துக்காது. எத்தனை தடவை முயற்சி, அதுல எத்தனை சரின்னு கேக்கும்.

இன்னும் ஓட்டை நிறைய இருக்கு. முக்கியமா, மேட்டூர் திறந்து மூணு நாலு நாள்ல தண்ணி கல்லணைக்கு வந்துடும். அங்கேருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு பிரிஞ்சு அவங்கவங்க மடைக்கு வர எத்தனை நாள்ங்கறதுக்கு என்கிட்ட எங்க ஊர்க் கணக்கு மட்டும்தான் இருக்கு. வேதாரண்யம், தலைஞாயிறு, பேராவூரணி பக்கம் வீடு இருக்கற பதிவர்கள் யாராவது, கல்லணை திறந்த நாள், உங்க வாய்க்கால்ல தண்ணியைப் பார்த்த நாள் ரெண்டையும் பின்னூட்டத்துல போடுங்க. ஞாபகத்துலேருந்து சொல்றதா இருந்தா ஞாபகம்னே எழுதுங்க, அதுக்கும் ஒரு விதி வச்சிருக்கேன்.